சேர்த்து வைப்பதா? தீர்த்து வைப்பதா?

1888-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பம்பாயில் ஒரு வழக்கு முடிவுற்றது. பதினோராவது வயதில் விவாகம் செய்விக்கப்பட்ட ருக்மாபாய் என்னும் பெண்மணி, அறிவு வந்த பிறகு, தம் சம்மதமின்றி நடந்த அந்த விவாகத்தை ஏற்றுக் கணவன் வீடு செல்ல மறுத்தார். கணவர் தாதாஜி பிகாஜி, மனைவியைத் தம்மிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று 1884-இல் ஹைகோர்ட்டில் பிராது தொடுத்தார். 1885-இல் ஜஸ்டிஸ் பின்ஹே அப்பிராதைத் தள்ளினார். அப்பீல் கோர்ட்டு அத்தீர்ப்பை மாற்றிற்று. 1887 மார்ச்சு மாதத்தில் ஜஸ்டிஸ் பாரன், ருக்மாபாய் கணவனிடம் செல்ல வேண்டும், மறுத்தால் ஆறு மாதச் சிறைவாசத்துக்கு உட்பட வேண்டும் என்று உத்தரவிட்டார். சிறை செல்வதே மேல் என்று அவர் அறிவித்துவிட்டார். தேச முழுவதும் பத்திரிகைகளும் பண்டிதர்களும் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். ஆயினும் அவ்வழக்கை முடித்து வைத்தது எந்த ஜட்ஜின் பேனாவும் அன்று. ரூ. 2,000 பெற்றுக்கொண்டு, தீர்ப்பை நிறைவேற்றாமல் விட்டுவிடுவதாகத் தாதாஜி ஒப்புக்கொண்டார், ராஜி ஏற்பட்டது. ருக்மாபாய் சீமை சென்று, வைத்தியம் கற்று, டாக்டராகத் திரும்பி, சூரத்தில் பல்லாண்டு பெண்களுக்கு ஊழியம் புரிந்து, 1955 செப்டம்பரில் காலமானார். ஹிந்து விவாகச் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே 1955-ஆம் வருஷத்து மே மாதத்தில்தான்.

இந்தப் பழங்கதையை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. குடும்ப வழக்குகளைக் கோர்ட்டுப் படியேற விடாமல் சமரசத்தினால் முடித்துவிட வேண்டும் என்ற கொள்கையை இப்பொழுது மறுப்பார் எவருமில்லை. ஜட்ஜுகள் சொல்லுகிறார்கள், சட்டசபைகள் சொல்லுகின்றன, வழக்கினால் பிழைக்கும் வக்கீல்களுங்கூட மேடையில் ஏறினால் அதையே சொல்லுகிறார்கள். நாமும் அக்கொள்கையை முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் ருக்மாபாயின் ராஜியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அன்றைய சட்டம் தர முடியாத விடுதலையை அந்த ராஜி அவருக்குத் தந்தது மெய்யே. அந்த ராஜி அவருக்கு எப்படிக் கிடைத்தது? அவருக்குக் கல்வி இருந்தது. துணை நிற்கும் குடும்பம் இருந்தது. பணம் திரட்டிக் கொடுக்க நண்பர்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறைக்கும் அஞ்சாத நெஞ்சம் இருந்தது. இவற்றில் ஒன்றுமில்லாத ஏழைக் குடியானவன் மகளாக அவர் பிறந்திருந்தால், ஊர்ப் பெரியவர்கள் நால்வர் கூடி, இரண்டு புத்திமதி சொல்லி, வண்டியில் ஏற்றிக் கணவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்திருப்பார்கள். அதற்கும் சமரசம் என்றே பெயர் சொல்லியிருப்பார்கள்.

இந்த இரண்டு சமரசங்களுக்கும் உள்ள பேதத்தை நமது சட்டங்களும் தெளிவாக உணரவில்லை, நமது ஜனங்களும் உணரவில்லை என்பதே நமது குறை.

சட்டத்தை முதலில் பார்ப்போம். விவாகரத்து உரிமை நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் வருஷத்துச் சட்டமே ஹிந்துக்களுக்கு அதை அளித்துவிட்டது. 1955-ஆம் வருஷத்துச் சட்டம் அதைத் தேச முழுவதற்கும் விரித்தது. 1976-இல் இருவர் சம்மதத்தின்மேல் விலகும் வழியும் அதில் சேர்க்கப்பட்டது. ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்த தம்பதிகள் கூட்டாக மனுக் கொடுத்து, ஆறு மாதம் பொறுத்திருந்து, மனம் மாறாவிட்டால் விடுதலை பெறலாம். அந்த ஆறு மாதத் தவணையும் தக்க காரணமிருந்தால் தள்ளுபடி செய்யத்தக்கதே என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமோ, வழக்கு விசாரணைக்குமுன் சமரசத்துக்கு முயல்வது ஜட்ஜின் கடமையென்றே விதிக்கிறது. ஆலோசகர்களை நியமிக்கச் சொல்லுகிறது. வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையன்று, கோர்ட்டின் அனுமதியினால் மட்டுமே ஆகும் என்றும் சொல்லுகிறது. நமது தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பிரிவின்மேல் உள்ள கோபம் இன்னும் தணியவில்லை. அது இருக்கட்டும்.

அதே சட்டம், குடும்ப நீதிமன்றத்துக்கு ஜட்ஜுகளைப் பொறுக்கும்போது, விவாகம் என்னும் ஸ்தாபனத்தைக் காப்பாற்றுவதில் பற்றுள்ளவர்களைத் தேட வேண்டுமென்றும் கூறுகிறது. இங்கேதான் நமக்கு ஐயம் பிறக்கிறது. கணவன் மனைவி இருவரில் எவர் பக்கமும் சாயாதவரே நடுவர் என்பது சரி. சேர்தல், பிரிதல் என்ற இரண்டு முடிவுகளில் ஒன்றின் பக்கம் முன்னதாகவே சாய்ந்திருப்பவரை நடுவர் என்பது எங்ஙனம்? சேர்த்து வைத்தால் வெற்றி, பிரிந்து போனால் தோல்வி என்ற கணக்கோடு உட்காருபவரிடம், அடிபட்டு வந்தவள் எதைச் சொல்லுவாள்? சொன்னாலும் அவர் காதில் எது விழும்?

நிற்க. நமது மாகாணத்துக்கு ஒரு பெருமை உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு 2002 ஜூலையில் புது உருவில் அமலுக்கு வந்தது. அதையொட்டி 2005-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டில் சமரசத் தீர்வு மையம் திறக்கப்பட்டது. கோர்ட்டோடு இணைந்த சமரச நிலையம் இந்தியாவில் அதுவே முதலாவது. பின்னர் ஜில்லாக்களிலும் கிளைகள் ஏற்பட்டன. அங்கே நடப்பதை நேரில் பாராதவர்கள், ஏதோ பஞ்சாயத்து என்று எண்ணிக்கொள்ளுகிறார்கள். பஞ்சாயத்தார் தீர்ப்புச் சொல்லுவார்கள். சமரசர் தீர்ப்புச் சொல்லுவதில்லை. பயிற்சி பெற்ற அவர் இருவரையும் ஒருங்கே இருத்திப் பேசச் செய்கிறார். பிறகு ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்கிறார். தனியே சொன்னதைச் சொன்னவர் அனுமதியின்றி மற்றவரிடம் வெளியிடுவதில்லை. அவ்வறையில் பேசிய பேச்சு எதுவும் பின்னால் கோர்ட்டில் சாட்சியமாக வராது. முடிவு ஏற்பட்டால் எழுத்தில் அமைத்து, இருவரும் கையொப்பமிட்டு, கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள். ஏற்படாவிட்டால், ஏற்படவில்லை என்ற ஒரு வரி மட்டும் போகிறது. யார் பிடிவாதத்தினால் முறிந்தது என்று ஜட்ஜுக்குத் தெரிவிப்பதில்லை.

இதன் பயனை நாம் கண்ணாரக் கண்டதுண்டு. பத்திரிகைப் பணிக்கு வருமுன் நாம் ஒரு ஜில்லாத் தலைநகரில் வக்கீல் தொழில் நடத்தி வந்தோம். ஒரு பெண்மணிக்காக விவாகரத்துப் பிராது எழுதிக் கொடுத்தோம். கொடுமை என்பதை ருசுப்படுத்தினால்தான் ரத்துக் கிடைக்கும். ஆகவே, ருசுவுக்கு எட்டியவை, எட்டாதவை எல்லாவற்றையும் சேர்த்துப் பன்னிரண்டு பக்கத்துக்குக் கணவனையும் அவன் தாயாரையும் பற்றி எழுதித் தள்ளினோம். அப்போது அதைத் திறமையென்றே கருதினோம். எதிர்க் கட்சி வக்கீலும் இளைத்தவர் அல்லர். அவர் எழுதிய பதிலைப் படித்துவிட்டு அப்பெண்மணி மூன்று நாள் சாப்பிடவில்லையென்று அவள் தகப்பனார் வந்து சொன்னார். ஒரு வழக்கு ஐந்தாயிற்று. விவாகரத்து ஒன்று, சேர்ந்து வாழக் கோரி ஒன்று, ஜீவனாம்சம் ஒன்று, குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி ஒன்று, போலீஸ் கேஸ் ஒன்று. வருஷம் ஆறு ஓடிற்று. ஏழாம் வருஷம் சமரசத்துக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது நாள் சமரசர் அவளைத் தனியே அழைத்து, 'அம்மா, இவையெல்லாம் இருக்கட்டும். உனக்கு இன்று அவசரமாக வேண்டியது என்ன?' என்று கேட்டாராம். தன் பரீட்சைச் சர்ட்டிபிகேட்டுகள் அந்த வீட்டு பீரோவில் கிடக்கின்றன, அவையில்லாமல் உத்தியோகத்துக்கு மனுப் போட முடியவில்லை என்றாள். ஆறு வருஷத்தில் நம்மிடம் அவள் அதைச் சொன்னதில்லை, நாம் கேட்டதுமில்லை. கணவனைத் தனியே கேட்டபோது, நகையைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ அவன் முதலில் பேசவில்லையாம். பிராதில் தன் தாயாரைப் பற்றி எழுதியிருக்கும் ஒரு வாக்கியத்தை வாபஸ் வாங்க வேண்டும் என்றானாம். அந்த வாக்கியம் எது என்று நமக்குத் தெரியும். எழுதியவர்கள் நாம் அல்லவா? பத்திரம் ஒரு பையிலே வந்து சேர்ந்தது. வாக்கியம் வாபஸாயிற்று. அதற்குப்பின் நகைக்கும் ஜீவனாம்சத்துக்கும் குழந்தை விடுமுறை நாட்களில் எங்கே இருப்பது என்பதற்கும் நான்கு உட்காரலில் வழி பிறந்தது. இருவரும் சம்மதத்தின்மேல் விலகிக்கொண்டார்கள். செய்தியறிந்த ஒரு முதிய வக்கீல் நண்பர், 'சேர்த்து வைக்க முடியவில்லையே, சமரசம் தோற்றுப் போயிற்றே!' என்று வருந்தினார். குழந்தையின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு இருவரும் வந்து, வேறு வேறு வரிசையில் அமர்ந்து, கைதட்டிவிட்டுப் போனார்கள் என்பதைக் கேட்ட நமக்கு அப்படித் தோன்றவில்லை.

சுப்ரீம் கோர்ட்டு 2013 பிப்ரவரியில், கே. ஸ்ரீனிவாஸ ராவ் என்பவர் வழக்கில், குடும்ப வழக்குகளைச் சமரச நிலையங்களுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டுமென்றும், வழக்குத் தொடுக்குமுன்பே வருவோருக்கென அந்நிலையங்களில் தனிப் பிரிவு வேண்டுமென்றும் கட்டளையிட்டது. அதே தீர்ப்பில், பத்து வருஷத்துக்கு மேல் பிரிந்து வாழ்ந்த அந்தத் தம்பதிகளின் விவாகத்தையும் ரத்துச் செய்தது. இவ்விரண்டுக்கும் முரண் இல்லை என்பதை நமது கீழ்க் கோர்ட்டுகள் சில இன்னும் கிரகித்துக்கொள்ளவில்லை. ஒட்டாத விவாகத்தை ஒட்ட வைக்கும் வஜ்ஜிரமாகவே சமரசத்தைக் கருதுகின்றன.

எங்கே சமரசத்துக்கு இடமில்லை என்பதையும் திடமாகச் சொல்லியாக வேண்டும். 2015-இல் சென்னை ஹைகோர்ட்டிலேயே, கற்பழிப்புக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவனைச் சமரசத்துக்கு அனுப்பி ஓர் உத்தரவு பிறந்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்கும், வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிய கடுஞ் சொற்களுக்கும் பிறகு அது வாபஸ் பெறப்பட்டது. நல்லெண்ணத்தால் பிறந்த உத்தரவுதான். நல்லெண்ணம் எவ்வளவு தூரம் வழி தவறக்கூடும் என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டுக்குள் நடக்கும் அடிதடி விஷயத்தில் மட்டும் நாம் ஏன் வேறு தராசைப் பிடிக்கிறோம்? குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ஆம் வருஷத்து விதிகள் இதை நன்கு உணர்ந்தே எழுதப்பட்டன. ஆலோசனையின்போது, தான் அடித்ததற்கு நியாயம் சொல்லக் கணவனுக்கு இடமில்லை என்று 14-ஆம் விதி கூறுகிறது. 'அவள் வாய் சும்மா இருந்தால் நான் ஏன் கை நீட்டுகிறேன்?' என்ற பல்லவியை அங்கே பாடக் கூடாது. இந்த விதியைப் படித்துவிட்டுச் சமரசத்தில் அமர்கிறவர்கள் எத்தனை பேர்?

ஜப்பான் தேசத்தில் விவாகரத்து வழக்கை எடுத்த எடுப்பில் கோர்ட்டில் தொடுக்க முடியாது. முதலில் குடும்பக் கோர்ட்டின் சமரசக் குழு முன் செல்ல வேண்டும். ஜட்ஜு ஒருவரோடு பொது ஜனங்களிலிருந்து எடுத்த இருவர், வழக்கமாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும், குழுவில் இருப்பார்கள். கணவனையும் மனைவியையும் எதிரெதிரே உட்கார வைக்காமல், மாற்றி மாற்றித் தனித் தனியே அழைத்துக் கேட்பதே அங்குப் பெருவழக்கு. முதற் படியைக் கட்டாயமாக்குவதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. 2021-இல் நமது பார்லிமெண்டுக்கு வந்த சமரச மசோதாவிலும் வழக்குக்கு முந்திய சமரசம் கட்டாயமாகவே இருந்தது. எதிர்ப்பின் பேரில் 2023-இல் சட்டமானபோது இஷ்டப்பட்டோர்க்கு மட்டும் என்று மாற்றினார்கள். அது விவேகமே. ஆனால் அந்தத் தனித்தனி அறை முறையை நாம் அவசியம் கைக்கொள்ளலாம். நமது கோர்ட்டு வளாகங்கள் பலவற்றில், கணவன் வீட்டார் பத்துப் பேர் நிற்கும் தாழ்வாரத்தின் வழியாகத்தான் பெண் சமரச அறைக்குள் செல்ல வேண்டியிருக்கிறது. அவள் உள்ளே சென்று தரும் சம்மதம், தாழ்வாரத்திலேயே வாங்கப்பட்டதாகும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இருவர் வரவு செலவும் சொத்து விவரமும் பிரமாணத்தோடு தாக்கலாக வேண்டும் என்று ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. ஜீவனாம்ச வழக்குக்குச் சொன்ன விதியானாலும், சமரசத்துக்கும் அதுவே அஸ்திவாரமாக வேண்டும். கணவன் சம்பளம் எவ்வளவு, நிலம் எவர் பெயரில் என்பதே தெரியாதவள் எந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளுவாள்? பசித்திருப்பவளிடம் பேரம் பேசுவதும் தகாது. இடைக்கால ஜீவனாம்சம் முதலில் கைக்கு வரட்டும். சமரசம் பிறகு நடக்கட்டும். இல்லாவிட்டால், தவணைமேல் தவணை போட்டு அவளை ஓயச் செய்வதற்குச் சமரச மேஜையும் ஒரு கருவியாகிவிடும். இதன் மறு பக்கத்தையும் மறைக்க வேண்டாம். கூட்டு மனுவில் கொடுத்த சம்மதத்தை இறுதி உத்தரவுக்குமுன் வாபஸ் வாங்கலாம் என்று 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் தீர்ப்பாயிற்று. பாதித் தொகை பெற்ற பிறகு பின்வாங்கும் மனைவியர் உண்டு. கையொப்பம் கிடைத்ததும் மீதியைக் கொடாத கணவர் அவர்களிலும் அதிகம். தொகையைக் கோர்ட்டில் கட்டி வைத்து, உத்தரவு நாளில் கொடுப்பதாக உடன்படிக்கை எழுதினால் இருவருக்கும் கவலையில்லை.

வக்கீல்களாகிய நமக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் எடுத்த முதற் பெரு வழக்கு, உறவினர்களான இரு வியாபாரிகளுக்குள் நடந்த வழக்கு. இருவரையும் இசைவித்து மத்தியஸ்தரிடம் விட்டார். அவர் கட்சிக்காரரான தாதா அப்துல்லாவே ஜயித்தார். தீர்ப்பான தொகை ஏறக்குறைய 37,000 பவுன். உடனே வசூலித்தால் தோற்றவர் திவாலாவார். அப்போது தம் சொந்தக் கட்சிக்காரரிடமே மன்றாடி, நீண்ட தவணைகளில் பெற்றுக்கொள்ளச் செய்தார். தீர்ப்பு வேறொருவர் கொடுத்தது. சமரசம் அதற்குப் பின்னால் இவர் செய்தது.

கடைசியாக, நமது வாசகர்களோடு நேரே பேச வேண்டியிருக்கிறது. உங்களிற் பெரும்பாலோர் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். ஊரில் உங்கள் வார்த்தைக்கு மதிப்புண்டு. ஆகையால் குடும்பச் சண்டை மூண்டால், 'அண்ணா, நீங்கள் வந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்' என்று ஆள் வருகிறது. நீங்களும் போகிறீர்கள். திண்ணையில் பதினைந்து ஆண்கள் கூடியிருப்பார்கள். பெண் கதவுக்குப் பின்னால் நிற்பாள். அவள் தகப்பனார் தலை குனிந்திருப்பார். அரை மணி நேரத்தில் கவுரவத்துக்குக் குறைவில்லாத ஒரு முடிவு ஏற்படும், காப்பி வரும். அந்தக் கவுரவம் யாருடைய கவுரவம்? கதவுக்குப் பின்னால் நின்றவளை எவராவது தனியே கேட்டதுண்டா? கட்டப் பஞ்சாயத்தை மேடைதோறும் கண்டிக்கும் நாமே, கத்தியும் கம்பும் இல்லாத காரணத்தால் இதை வேறென்று எண்ணுகிறோம். 2023-ஆம் வருஷத்துச் சட்டம் சமூக சமரசம் என்று ஒரு முறையை வகுத்திருக்கிறது. அதில் ஏற்படும் முடிவுக்குங்கூடக் கோர்ட்டு டிக்ரியின் பலம் இல்லை. சட்டம் மூன்று சமரசர்களைக் குழுவாக உட்கார வைத்தும் கொடாத அதிகாரத்தை, நாம் திண்ணையில் அமர்ந்து எடுத்துக்கொள்ளலாகாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 'குழந்தையை அவனிடம் விட்டுவிடு, நகையைத் திருப்பித் தரச் சொல்லுகிறோம்' என்று பேரம் முடிந்த திண்ணைகளை நாம் அறிவோம். பெற்றோர் எழுதிக்கொள்ளும் எந்த முறியும் குழந்தையின் ஜீவனாம்ச உரிமையைக் கரைத்துவிட முடியாது.

1987-ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின்படி, எந்தப் பெண்ணுக்கும், அவள் வருமானம் எவ்வளவாயினும், இலவசமாக வக்கீல் உதவி பெற உரிமையுண்டு. ஒவ்வொரு ஜில்லாவிலும் சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது. அதன் மூலமாகவே சமரச நிலையத்துக்கும் வழி கேட்டறியலாம். அடுத்த முறை ஆள் வரும்போது திண்ணைக்குப் போக வேண்டாம். அந்தப் பெண்ணையும், அவளுக்கு நம்பிக்கையான வேறொரு பெண்ணையும் அங்கே அழைத்துச் சென்று விட்டுவிட்டு, நீங்கள் வெளியே நில்லுங்கள்.